மொபைல் எண்ணைக் கடவுச்சொல்லாக வைக்கலாமா?

கேள்வி: மாலை வேளைகளில் எங்கள் வீட்டு வைஃபை மிகவும் மந்தமாகிவிடுகிறது. ரௌட்டரின் பட்டியலில் எங்களுக்குத் தெரியாத 2 செல்பேசிகள் காணப்படுகின்றன. என் மொபைல் எண்தான் கடவுச்சொல். அதை யாரிடமும் சொன்னதில்லை. எப்படி நுழைந்திருப்பார்கள்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் வீட்டுச் செல்பேசிகளின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். இப்போதைய செல்பேசிகள் தம் உண்மையான முகவரியை (வைஃபையில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணை) காட்டாமல் தாமாக உருவாக்கிய ஒரு முகவரியைக் காட்டுவதால், சொந்தப் பிள்ளையின் செல்பேசியே அந்நியனைப் போலத் தோன்றக்கூடும். விருந்துக்கு வந்தவர்களுக்கு வீட்டில் யாராவது க்யூஆர் கட்டத்தைக் காட்டினார்களா என்றும் கேளுங்கள். அதை ஸ்கேன் செய்தவருக்குக் கடவுச்சொல் கைக்கு வந்துவிட்டது என்றே பொருள்.

இவை இரண்டும் இல்லையென்றால், பழி உங்கள் மொபைல் எண் மீதுதான். செல்பேசி ரௌட்டருடன் இணையும்போது இரண்டுக்கும் இடையே 4 செய்திகள் பரிமாறப்படுகின்றன. அவற்றில் கடவுச்சொல் நேரடியாகச் செல்வதில்லை. அதை வைத்துக் கணக்கிட்ட ஒரு விடை மட்டுமே செல்கிறது. தெருவில் நிற்கும் ஒருவர் அந்தச் செய்திகளைப் பதிவுசெய்துகொண்டு போய், தன் வீட்டுக் கணினியில் ஒவ்வோர் எண்ணாகப் போட்டு அதே விடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். இது நடப்பது உங்கள் ரௌட்டருக்குத் தெரியவே தெரியாது. நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன என்பதால் மொத்தம் 400 கோடி வாய்ப்புகளே உள்ளன. கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் உயர்தர கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சம் முயற்சிகளைச் செய்யக்கூடியது. அந்தக் கணக்கில் எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரமும் 7 நிமிடங்களும் போதும். உங்கள் எண்ணை அறிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த நேரமும் தேவையில்லை.

கடவுச்சொல்லில் 8 முதல் 63 எழுத்துகள் வரை வைக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 5 தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதிவிடுங்கள். பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம். திருடுபவருக்கும் அவை தெரியும்.

கேள்வி: வைஃபையின் பெயரை மறைத்து, எங்கள் கருவிகளுக்கு மட்டும் அனுமதி என்று வைத்துவிட்டேன். இது போதுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: போதாது. அனுமதி பெற்ற கருவியின் முகவரி காற்றில் மறைக்கப்படாமலேயே செல்வதால், அதைப் பார்த்துத் தன் கருவிக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொள்வது எளிது. மறைத்த பெயரும் உங்கள் செல்பேசி இணையும் நொடியில் வெளிப்பட்டுவிடும். இந்த இரண்டுக்கும் செலவிடும் நேரத்தை நல்ல கடவுச்சொல்லுக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ரௌட்டரில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, டபிள்யூபிஎஸ் என்று பல தெரிவுகள் உள்ளன. எதை வைப்பது?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதல் மூன்றும் வைஃபையில் செல்வதைப் பிறர் படிக்காதபடி பூட்டும் முறைகள். அவற்றில் 1997-இல் வந்த டபிள்யூஇபியின் ஓட்டை 2001-லேயே அம்பலமாகிவிட்டது. இருந்தும் அமெரிக்காவில் பல கடைகளை நடத்தும் டிஜேஎக்ஸ் நிறுவனம் அதை விடாமல் வைத்திருந்தது. 2005-இல் மினசோட்டாவில் உள்ள அதன் கடையொன்றின் வைஃபை வழியாக நுழைந்தவர்கள், 4.5 கோடிக்கும் மேற்பட்ட வங்கி அட்டைகளின் விவரங்களை அள்ளிச் சென்றார்கள். டபிள்யூஇபியைத் தொடவே வேண்டாம்.

கருவிகள் ஏற்குமானால் டபிள்யூபிஏ3, இல்லையென்றால் டபிள்யூபிஏ2. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3-இல், திருநெல்வேலி வாசகருக்கு நான் சொன்ன அந்தத் தந்திரம் பலிக்காது. ஒவ்வோர் ஊகத்தையும் ரௌட்டரிடமே நேரில் கேட்டாக வேண்டியிருப்பதால், பதிவை வீட்டுக்கு எடுத்துப் போவதில் பயனில்லை. டபிள்யூபிஏ2-இலும் 2017-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். அது மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்யப்படக்கூடியதுதான், ஆனால் நம் வீடுகளில் ரௌட்டரைப் புதுப்பிப்பவர் யார்?

கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலேயே ஒரு பொத்தானாலோ பின் எண்ணாலோ கருவியை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணுக்கு 10 கோடி வாய்ப்புகள் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் முதல் 4 இலக்கங்கள் சரியா என்று ரௌட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே 10,000-மும் 1,000-மும் சேர்ந்து 11,000 முயற்சிகளில் வேலை முடிந்துவிடுகிறது. இது 2011-லேயே வெளிவந்த செய்தி.

கேள்வி: மாடியில் குடியிருப்பவர்களுக்கும் எங்கள் வைஃபையைத்தான் கொடுத்திருக்கிறோம். அதில் யாராவது தவறு செய்தால் எங்களுக்குச் சிக்கல் வருமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வீட்டில் எத்தனை கருவிகள் இருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது உங்கள் பெயரில் உள்ள இணைப்பின் இணைய முகவரி (ஐபி) மட்டுமே. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தொடர்ந்து போன காவல்துறை, நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. பாதுகாப்பில்லாத அவருடைய வைஃபையை வேறொருவர் பயன்படுத்தியிருந்தார். அவருக்குத் தொடர்பில்லை என்பது தெளிவாவதற்குள் அவர் பட்ட பாடு நாளேடுகளில் வந்தது.

மாடி வீட்டாருக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான ரௌட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தனிக் கடவுச்சொல்லுடன் அவர்களுக்குக் கொடுத்தால், உங்கள் கணினியும் கேமராவும் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் இதனால் வெளியே தெரியும் முகவரி மாறிவிடாது என்பதால், தனி இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்வதே நல்லது. அவர்கள் வீட்டைக் காலிசெய்யும் நாளில் சாவியை வாங்கிக்கொள்ளும்போதே கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைய பயனர் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் இன்னமும் ‘அட்மின்’, ‘அட்மின்’ என்றுதான் தட்டச்சு செய்கிறீர்கள் என்றால், அதை இன்றே மாற்றுங்கள்.