போனும் பிள்ளையின் மனமும்: கேள்வி பதில்

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா: மிஸ், மகன் இந்த முறை ஓ.எல். எடுக்கப்போறார். இரவு ரெண்டு மணி வரை டிக்டொக். டைமர் போட்டும் பலனில்லை.

அன்ட்ரொயிட் டைமர் நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாக எண்ணத் தொடங்கும். 11 மணிக்குப் பூட்டியது 12க்குத் திறந்துவிடும், அதுதான் காரணம். செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் போய் பெட்டைம் மோடை இரவு 10 முதல் காலை 5.30 வரை வையுங்கள். திரை கறுப்பு வெள்ளையாகும், நோட்டிபிகேஷன் சத்தம் நிற்கும். இதுவும் பூட்டு இல்லை, அலுப்பு மட்டும்தான் தரும். அதனால் சார்ஜர் ஹோலில் இருக்கட்டும். அலாரத்துக்குப் போன் வேணும் என்பார். ஒரு சின்ன மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள். ரெண்டு மணிக்குத் தூங்குகிறவரை ஒரேயடியாகப் பத்துக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பார். எழும்பும் நேரத்தை முதலில் நிலைப்படுத்தி, சில நாளுக்கொருக்கா அரை மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாத்தையும் அவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள் உம்மா. களவாகச் செய்தால் கூட்டாளியின் போனுக்குப் போய்விடுவார், பிறகு மனக்கஷ்டத்தையும் உங்களிடம் சொல்லமாட்டார்.

கல்முனை, ஏ.எல். மாணவி: நெட்டில் ஒன்பது கேள்விப் பரீட்சை செய்தேன், 16 வந்தது. எனக்கு மனச்சோர்வா மிஸ்?

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ. 9 தானே தங்கச்சி? மொத்தம் 27, கடந்த ரெண்டு கிழமையை மட்டும் கேட்கும். 10 அல்லது அதற்கு மேல் என்றால் டொக்டரைப் பார்க்கவேண்டும் என்று அர்த்தம், நோயைத் தீர்மானிப்பது டொக்டர்தான். இரத்தச்சோகை, தைரொயிட் குறைவிலும் களைப்பும் தூக்கக் குழப்பமும் வரும். விடைகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தியசாலையில் காட்டுங்கள், வாயால் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதற்கு 0 தவிர எது போட்டிருந்தாலும், மொத்தத்தைப் பார்க்காமல் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல இலக்கம், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லடி: 16 வயதுப் பிள்ளையின் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான்.

காசு கொடுக்கவேண்டாம், சாட்டை அழிக்கவேண்டாம். பெயர், நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இப்படியான படங்களை நெட்டிலிருந்து நீக்க உதவும் டேக் இட் டவுன் தளம் 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படம் போனை விட்டுப் போகாது, அதை அடையாளம் காட்டும் எண்முத்திரை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். வட்ஸ்அப்பில் தனிப்பட்டு அனுப்புவதை இதனால் பிடிக்கமுடியாது, ஆகவே சிறுவர் பாதுகாப்பு இலக்கமான 1929க்கும் அறிவியுங்கள். பிள்ளையை ஏசவேண்டாம், குற்றம் மிரட்டுகிறவனுடையது.

அக்கரைப்பற்று: கூட்டாளி ராவில் "எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டான்.

மெசேஜ் வேண்டாம் தம்பி, உடனே கோல் எடுங்கள். "சாகவேணும் எண்டு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. எடுக்காவிட்டால் வீட்டாருக்குச் சொல்லி ஆளை அனுப்புங்கள், தனிய விடக்கூடாது. வயலுக்கு வாங்கிய மருந்துப் போத்தலும் மாத்திரைகளும் அண்டைக்கே வேறு வீட்டுக்குப் போகட்டும். ஏதும் செய்துவிட்டிருந்தால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.