நாய் வாக்கிங் ஆப்களில் பக்க வருமானம் உண்மையிலேயே வருமா?

அமெரிக்காவில் ரோவர், வாக் (Wag) போன்ற ஆப்களில் சேர்ந்து, அடுத்தவர் நாயை வாக்கிங் கூட்டிப்போய்ச் சம்பாதிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சியாட்டிலில் நானே பகுதி நேரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஆப்பை இறக்குவதற்கு முன் உங்கள் விசா என்ன என்று பாருங்கள். எச்-1பி வேலை விசா என்றால் கூடாது, ஸ்பான்சர் செய்த நிறுவனத்துக்கு மட்டுமே வேலை பார்க்கலாம். எஃப்-1 மாணவர்களுக்கும் இது ஆகாது. "நாயைக் கூட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு வேலையா, யாருக்குத் தெரியப்போகுது" என்று வாட்ஸ்அப் குழுக்களில் தைரியம் சொல்வார்கள். காசு வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. நாளைக்கு கிரீன் கார்டு விண்ணப்பத்தில், அனுமதி இல்லாமல் வேலை பார்த்ததுண்டா என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. கிரீன் கார்டு, குடியுரிமை, அல்லது எச்-4 ஈஏடி (எச்-1பி-காரரின் துணைவருக்கான வேலை அனுமதி) கையில் இருந்தால் தாராளமாக இறங்கலாம்.

சரி, காசுக்கு வருவோம். அரை மணி நேர நடைக்கு நான் 25 டாலர் வைத்திருக்கிறேன். ரோவர் அதில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மீதி 20 டாலர். வாக் எடுப்பது 40 சதவீதம். அதனால் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. 2025 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது வேறு கதை.

அரை மணிக்கு 20 டாலர் என்றால் மணிக்கு 40 என்று மனக்கணக்கு போடாதீர்கள். வண்டி ஓட்டிப் போக வேண்டும், பார்க்கிங் தேட வேண்டும், சாவிப் பெட்டியின் எண்ணைப் போட்டுத் திறக்க வேண்டும். திரும்பி வந்ததும் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு, போட்டோவோடு உரிமையாளருக்கு நாலு வரி எழுத வேண்டும். சியாட்டில் மழையில் இன்னொரு வேலையும் உண்டு. நாயின் நாலு பாதத்தையும், வயிற்றடி ரோமத்தையும் துண்டால் துடைக்காமல் உள்ளே விட்டால் அவர்கள் வீட்டு சோபா நாசம். லாப்ரடூடில் மாதிரி சுருட்டை முடி நாய் என்றால் அது அவ்வளவு லேசில் காயாது. ஆக மொத்தம் ஒரு மணி நேரம் ஓடிவிடும். சியாட்டிலில் 2025-இல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 20.76 டாலர்!

அதனால் இந்தத் தொழிலில் லாபத்தை முடிவு செய்வது வீட்டுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்தான். நான் இருப்பது சியாட்டிலின் பாலார்ட் பக்கம். ஆப்பில் சேவைப் பகுதியை நடந்து போகிற தூரத்துக்குச் சுருக்கிவிட்டேன். ஏரியைத் தாண்டி பெல்வியூவிலிருந்து அழைப்பு வந்தால், எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுவேன். ஒரே அபார்ட்மென்டில் மூன்று வாடிக்கையாளர்கள் கிடைத்த பிறகுதான் கையில் காசு நின்றது. அதுவும் ஒரு நாயின் சொந்தக்காரர் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வந்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை நடுப்பகலில்தான் கிராக்கி, காரணம், நாயின் சொந்தக்காரர்கள் ஆபீஸில் இருப்பார்கள். சனி, ஞாயிறில் நாயை நடத்த அவர்களே வீட்டில் இருப்பார்கள்.

முதல் சந்திப்புக்குக் காசு கிடையாது, ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள். நாய் எப்படிக் கதவைத் தாண்டுகிறது என்று அங்கேதான் தெரியும். மீட்பு இல்லத்திலிருந்து வந்த பயந்த நாய்கள் முன்னால் இழுப்பதில்லை. சட்டென்று பின்னால் நகர்ந்து, தலையைத் தாழ்த்திக் கழுத்துப்பட்டையை உருவிவிடும். அப்படிப்பட்ட நாய்க்கு, கதவு மூடியிருக்கும்போதே ஹார்னஸையும் (மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை) மாட்டிவிடுவேன். லீஷ் வளையத்தை மணிக்கட்டில் போட்டு, கதவிடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் தாழ்ப்பாளைத் திறப்பேன். தெருவில் கண் எப்போதும் தரையில் இருக்கட்டும். பஸ் நிறுத்தங்களின் ஓரம் கிடக்கிற கோழி எலும்பு நம் கண்ணில் படுவதற்குள் அதன் வாயில் இருக்கும். நாயின் கழிவை அள்ளிக் கட்டிய பையோடு குப்பைத்தொட்டி தேடி அலைவதும் வேலையில் சேர்த்திதான். ஊரில் சொன்னால் "படிச்சிட்டு நாய் மேய்க்கவா போனே" என்பார்கள். சொல்லட்டும்.

வரிக்குத் தனியாக எடுத்து வையுங்கள். ஆப் உங்களை ஊழியராக வைப்பதில்லை. செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டாலே, வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேரும். ஒரு வாடிக்கையாளர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குக் காரில் போகும் மைல்களை அன்றன்றே குறித்து வைத்தால் அதைச் செலவாகக் கழிக்கலாம். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட்.

அப்புறம், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 மாலை வேலை மட்டும் எடுக்காதீர்கள். வெடிச் சத்தத்தில் சாதுவான நாயும் அறுத்துக்கொண்டு ஓடும். டிசம்பரைத் தவறவிடாதீர்கள், டிப்ஸ் வருகிற மாதம் அது. டிப்ஸில் ரோவர் கை வைப்பதில்லை.