செல்லை ஒண்ணொண்ணா பிரிக்கிறது எப்படி?

கேள்வி: ரத்தத்துல இருந்து சிடி4 செல்லை (மேல சிடி4ங்கிற புரதம் இருக்கிற வெள்ளை அணு) மட்டும் செல் சார்ட்டர்ங்கிற செல் பிரிக்கிற மெஷின் தனியா எடுக்குதாமே, எப்படிங்க பிடிக்குது? திரவம் பீச்சுற நாசில் ஏன் அடிக்கடி அடைச்சுக்குது?

பதில்: பிடிக்கவே இல்லைங்க, துளியோட சேர்த்துத் தள்ளி விடுது, அவ்ளோதான். சிடி4 புரதத்துல போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடியில ஒளிரும் சாயம் கோத்து செல்லோட கலந்துடுவாங்க, அப்புறம் சுத்தி ஓடுற திரவம் செல்களை ஒரே வரிசையா இழுத்துட்டுப் போக, ஒவ்வொண்ணு மேலயும் லேசர் படும், 488 நானோமீட்டர் நீலம் ரொம்ப சகஜம். முன்பக்கம் சிதறுற வெளிச்சம் சைஸை ஓரளவு சொல்லும், பக்கவாட்டுல சிதறுறது உள்ள இருக்கிற துகளைச் சொல்லும், சாயம் மின்னுச்சுன்னா நம்ம ஆளு. நாசில்ல இருந்து வர்ற தாரை துளியா உடையிற நேரம் பார்த்து அந்த செல் இருக்கிற துளிக்கு மின்னூட்டம் கொடுத்துடுவாங்க, ஹை வோல்டேஜ் தகடுங்க நடுவுல விழும்போது அந்தத் துளி மட்டும் வளைஞ்சு டியூப்ல போய் விழும். 1965லயே மேக் ஃபுல்வைலர்ங்கிற விஞ்ஞானி இன்க்ஜெட் டெக்னிக்கை வச்சு இப்படித் துளியை வளைச்சு செல்லைப் பிரிச்சுக் காட்டிட்டார், கில்லாடி!

அடைப்புக்கு ஒரு முக்கிய காரணம் செத்த செல்லுல இருந்து கசியிற டிஎன்ஏதான், பசை மாதிரி கட்டி கட்டியா ஒட்ட வச்சிடும். ஓட்டுறதுக்கு முன்னாடி 40 மைக்ரான் வலையில வடிகட்டுங்க. டிஎன்ஏவை வெட்டுற டிஎன்ஏஸ் என்சைமைப் போட்டா ஈடிடிஏங்கிற கெமிக்கலை அப்போ சேர்க்காதீங்க, என்சைமுக்கு வேணுங்கிற மெக்னீசியத்தை அது பிடிச்சுக்கும், என்சைம் சும்மா கிடக்கும்.