பாரிஸ் ஹாக்கி நாக் அவுட்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம்ம ஹாக்கி அணி ஆடிய கடைசி மூன்று ஆட்டங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே போதும், கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை கேள்வி வந்துவிடுகிறது. கிரிக்கெட் ஊரில் இதைக் கேட்கவும் ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி (கீழக்கரை): காக்கா, பத்து பேரை வைத்துக்கொண்டு பிரிட்டனை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: ஆகஸ்ட் 4, ஞாயிறு மதியம், காலிறுதி. 17ஆவது நிமிடத்திலேயே நம்ம தடுப்பாட்டக்காரர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. ஆட்டம் மொத்தம் 60 நிமிடம்; மீதி முழுக்கப் பத்தே பேர். அந்த நிலைமையில் 22ஆவது நிமிடத்தில் நம்ம கேப்டன் ஹர்மன்ப்ரீத் கோல் போட்டார், 27இல் பிரிட்டனின் லீ மார்ட்டன் சமன் செய்தார், அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் பிரிட்டன் மோதிக்கொண்டே இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை; 1-1 என்று முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது, அதில் ஜெயித்தோம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அவருக்கு முன்னால் நின்றவர்களையும் பாருங்கள். பந்தைத் துரத்தி ஓடவில்லை; கோலைச் சுற்றியுள்ள வட்டத்துக்கு முன்னால் நடுவை அடைத்துக்கொண்டு, ஓரமாக வேண்டுமானால் ஆடிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். கிரெய்க் ஃபுல்டன் பயிற்சியாளராக வந்ததிலிருந்து தடுப்பாட்டம்தான் முதல் பாடம். அதைப் பார்த்து 'இதென்ன ஹாக்கி' என்று சலித்துக்கொண்ட பெருசுகள் அன்றைக்குச் சத்தமே காட்டவில்லை.

கேள்வி (தங்கச்சிமடம்): அண்ணே, ஷூட் அவுட் என்றால் கால்பந்து பெனால்டி மாதிரிதானே?

பதில்: இல்லை தம்பி. 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒரு ஆள் பந்தோடு வருவார், எதிரே கோல்கீப்பர் மட்டும், எட்டு வினாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். கீப்பர் வெளியே வந்து மறிக்கலாம், அதனால் அவர் கையிலும் பாதி ஆட்டம் இருக்கிறது. பிரிட்டனின் முதல் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள், மூன்றாமவர் வெளியே அடித்தார், நான்காவதாக வந்த ஃபில் ரோப்பரை ஸ்ரீஜேஷ் மறித்தார். நம்ம பக்கம் ஹர்மன்ப்ரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால் நான்கு பேரும் போட்டதால் 4-2.

கேள்வி (ஏர்வாடி): ரோஹிதாஸ் வேண்டுமென்றே அடித்தாரா?

பதில்: என் கண்ணுக்கு இல்லை. பந்தோடு திரும்பும்போது மட்டை பிரிட்டன் வீரர் முகத்தில் பட்டது. நடுவருக்கு வேறு மாதிரி தெரிந்தது, அடுத்த ஆட்டத்துக்கும் தடை விழுந்தது.

கேள்வி (மண்டபம்): அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஏன் கோட்டை விட்டோம்? ஸ்ரீஜேஷ் சரியாக ஆடவில்லையா?

பதில்: ஸ்ரீஜேஷைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சிவப்பு அட்டைக்கு நாம் விலை கொடுத்தது காலிறுதியில் இல்லை, அரையிறுதியில்தான். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (நம்ம தவறுக்குத் தண்டனையாக, கோல் கோட்டு ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளிக் கோலுக்கு அடிக்கிற வாய்ப்பு) கிடைத்தால் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டில் நிற்கலாம். பந்து உள்ளே வந்த நொடியில் அதிலிருந்து ஒரு ஆள், டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி வீசுவது) அடிப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வருகிற பந்துக்கு உடம்பைக் காட்டுகிற வேலை. நம்மிடம் அதைச் சிறப்பாகச் செய்கிறவர் ரோஹிதாஸ். அவர் வெளியே உட்கார்ந்திருக்க, எதிரே கார்னர் அடிக்க நின்றது யார்? கொன்சாலோ பெய்லாட். 2016இல் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்துவிட்டு அப்புறம் ஜெர்மனிக்கு ஆட வந்தவர். 7ஆவது நிமிடத்தில் ஹர்மன்ப்ரீத் போட்டு நாம் முன்னால் இருந்தோம். 18இல் பெய்லாட் கார்னரில் சமன் செய்தார். 27இல் பெனால்டி ஸ்ட்ரோக்கில் (கீப்பரை மட்டும் எதிரே வைத்து நேராக அடிப்பது) ஜெர்மனிக்கு இன்னொன்று. 36இல் சுக்ஜீத் 2-2 ஆக்கினார், 54இல் ஜெர்மனியின் மில்ட்காவ் 3-2 என்று முடித்துவிட்டார். ரோஹிதாஸ் இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா என்று சத்தியம் பண்ண மாட்டேன், நமக்குக் கிடைத்த கார்னர்களையும் நாம் வீணடித்தோம். ஆனால் மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து 16 பேர் இருக்க வேண்டிய அணியில் 15 பேரோடு, அதுவும் முக்கியமான ஆள் இல்லாமல் இறங்கினோம் என்பதை மறந்துவிட்டுக் கீப்பரைத் திட்டாதீர்கள்.

கேள்வி (தொண்டி): எட்டுத் தங்கம் வாங்கிய நாடு வெண்கலத்துக்கு இவ்வளவு துள்ள வேண்டுமா?

பதில்: துள்ளலாம். எட்டாவது தங்கம் 1980 மாஸ்கோவில், கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். அதற்கு முன்பே, 1976இல் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியபோது, ஏழாவது இடத்துக்குப் போயிருந்தோம். 2008இல் தகுதியே பெறவில்லை, 2012இல் பன்னிரண்டில் கடைசி. அந்தக் காலத்தையும் உட்கார்ந்து பார்த்தவன் நான். டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம், பாரிஸில் ஸ்பெயினை 2-1. அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கம் என்பது 1968, 1972க்கு அப்புறம் இப்போதுதான். அந்த ஸ்பெயின் ஆட்டம் வியாழன் சாயங்காலம். காலையில் கரைக்கு வந்த போட்டுக்காரர்கள் தூங்காமல் டீக்கடையில் நின்று பார்த்ததாகப் பாம்பனில் ஒருவர் சொன்னார். ஹர்மன்ப்ரீத் இரண்டு கோல். கடைசி நிமிடத்திலும் ஸ்பெயினுக்குக் கார்னர், ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம், தடுத்துவிட்டார்.

கேள்வி (தேவிபட்டினம்): தம்பி, ஏழாவது படிக்கும் என் மகன் ஹாக்கி மட்டை கேட்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: தாராளமாக வாங்கிக் கொடுங்கள் அக்கா, முதல் மட்டைக்கு விலை கூடினது வேண்டாம். உயரத்தை அளந்து வாங்குங்கள், இடுப்பு எலும்பு வரை வந்தால் போதும். கால் முன்னெலும்புக்கு ஷின் கார்டும் பல்லுக்குக் கவசமும் கட்டாயம், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மண் தரையில் பழகினாலும் பரவாயில்லை. ஆர்வம் நிலைத்தால் கோவில்பட்டி பக்கம் பாருங்கள், அந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், பையனையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.