டிப்ளமஸியில் ஆஸ்திரியா வந்தால் முதலில் யாரிடம் பேசுவது?

சென்னையில் நண்பர்களோடு டிப்ளமஸி என்ற பலகை ஆட்டம் ஆடுகிறீர்கள், சீட்டில் ஆஸ்திரியா விழுந்தால் முதல் ஆளாக வெளியேறுகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இத்தாலியிடம் பேசுங்கள். மற்றவர்கள் டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போதே பால்கனிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

1959-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில் பகடை கிடையாது. ஏழு நாடுகள், வரைபடத்தில் படைகளுக்கு ஆதாரமான 34 மையங்கள். 18 பிடித்தவருக்கு வெற்றி. எல்லோரும் ரகசியமாக எழுதிய உத்தரவுகள் ஒரே நேரத்தில் பிரிக்கப்படும். சம பலத்தில் இருவர் மோதினால் யாருக்கும் இடமில்லை, அதனால் பக்கத்து நாட்டின் ஆதரவு இல்லாமல் பெரிதாக ஒன்றும் நகராது.

ஆஸ்திரியாவின் தலைவலி வரைபடத்திலேயே இருக்கிறது. உங்கள் ட்ரியெஸ்டும் இத்தாலியின் வெனிஸும் ஒட்டுச் சுவர் வீடுகள். இத்தாலிக்காரரிடம் "என்னை அடிக்காதே" என்று கெஞ்சினால் வேலைக்காகாது. "என்னை விழுங்கினால் அடுத்து ரஷ்யாவும் துருக்கியும் உன் வாசலில்தான் நிற்கும். வா, சேர்ந்து துருக்கியை முடிப்போம்" என்று அவர் லாபத்தைக் காட்டுங்கள்.

ரஷ்யாவிடம், இருவருக்கும் நடுவிலுள்ள கலீசியாவைக் காலியாக விடலாம் என்று பேசுங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். ஆட்டத்தின் முதல் சுற்றான 1901 வசந்தத்தில் வியன்னா படையைக் கலீசியாவுக்கே எழுதுங்கள். அவர் வார்சாவிலிருந்து வந்தால் இருவரும் முட்டி நிற்பீர்கள். வராவிட்டால் "பயத்தில் எழுதிவிட்டேன்" என்று சமாளிக்க வேண்டியிருக்கும். புடாபெஸ்ட் படை செர்பியாவுக்கு. அதில் யோசிக்கவே ஒன்றுமில்லை.

கூட்டாளியை முதுகில் குத்துவதா? இரண்டு மூன்று மையங்கள் ஒரே அடியில் கிடைத்து, அவரால் திருப்பி அடிக்க முடியாது என்றால் மட்டும். ஒரே ஒரு மையத்துக்காகக் கூட்டாளியை இழப்பது மகா மட்டமான பேரம்.