பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலையும், வீட்டில் அடிவாங்கிய பெண் மீண்டு வருவதையும் சேர்த்துச் சொன்ன படங்களில் உண்மைக்குக் கிட்ட வந்தது எது?

என் பதில் 1985 இல் வந்த 'த கலர் பர்ப்பிள்'. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கியது. குறையும் உள்ள படம்தான், அதையும் சொல்கிறேன்.

கேள்வியோடு நீங்கள் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: “புருசன் அடித்தபடியால்தான் பெண்ணிடம் போனாள் என்றுதானே இந்தக் கதைகள் எல்லாம் சொல்கின்றன?” அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் பதினொரு வருடம் அடிவாங்கியவள் நான். இப்போது தெஹிவளைப் பக்கம் ஒரு பெண்ணோடு வாழ்கிறேன். பெயர் போடாமல் எழுதுகிறேன், ஏன் என்று கீழே விளங்கும்.

எங்கள் ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996). டெல்லியில் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ராதாவும் சீதாவும். 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் அந்தப் படத்தை எதிர்த்துத் தியேட்டர்களை உடைத்தார்கள். ஷபானா அஸ்மிக்காகவும் நந்திதா தாஸுக்காகவும் நான் பலமுறை பார்த்த படம். ஆனால் அந்த வீட்டுக் கொடுமை பெரும்பாலும் புறக்கணிப்பு. ஒருவன் பிரமச்சரியம் பழகுவதற்காக மனைவியைப் பக்கத்தில் படுக்கவைக்கிறான், மற்றவன் வேறொருத்தியிடம் போகிறான். அதுவும் கொடுமைதான். கைநீட்டுகிற வீடு வேறு மாதிரி. அங்கே காதால்தான் சீவியம். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு கிறில் கேற்றின் பூட்டில் திறப்பு நுழையும் சத்தம். முதல் தரமே சரியாக நுழைந்தால் அன்றைக்குச் சாப்பாடு போடலாம். இரண்டு மூன்று தரம் பூட்டில் உரசினால், அடுப்பை நிற்பாட்டி, வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவி லாச்சிக்குள் வைத்து மூடிவிடுவேன். முதலில் கத்தி, பிறகு மற்றதெல்லாம்.

'கலர் பர்ப்பிள்' படத்தில் செலியாக வரும் வூப்பி கோல்ட்பேர்க்கின் முகத்தில் அந்தக் காது இருக்கிறது. அதுதான் அவருடைய முதல் பெரிய படம். கதை அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்கிறது. சிறுபிள்ளையாக இருக்கும்போதே செலியை மனைவி இறந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவனை அவள் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள். அல்பேர்ட் என்ற பெயர் அவள் வாயில் வர எத்தனையோ வருடம் ஆகும். அவளுடைய தங்கை நெட்டியை அவன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், தங்கை எழுதும் கடிதங்களையும் ஒளித்துவைக்கிறான். அந்த வீட்டுக்கு அவனுடைய பழைய காதலி, பாடகி ஷக் ஏவரி, நோயோடு வந்து சேர்கிறாள். அவளைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது செலி.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். படத்துக்கு மூலம் அலிஸ் வோக்கர் 1982 இல் எழுதிய நாவல். அடுத்த வருடம் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாவலில் செலி ஷக்கின் புகைப்படத்தைக் காண்பது கல்யாணத்துக்கு முன்பு. யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணின் படத்தை இரவெல்லாம் வைத்துப் பார்க்கிறாள். மிஸ்டர் அவளுக்கு ஒரு அடிகூட அடிக்காத காலம் அது. ஆசை முதலில் வந்தது, அவனுடைய அடி பிறகு வந்தது. எனக்கும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையைப் பார்த்து நெஞ்சு அடித்தது எனக்குத் தெரியும். அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. இருபத்து நாலு வயதில் பேசிக் கட்டிவைத்தார்கள். அவர் அடிக்காத நல்ல மனுசனாக இருந்திருந்தாலும் நான் இதே ஆள்தான். எனக்கு மட்டும் தெரிந்த ஆளாக இருந்திருப்பேன்.

இப்போது என்னோடு வாழ்கிறவளைச் சந்தித்தது சாறி பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போய். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, என்னைவிட மூன்று வயது குறைவு. முதல் பிளவுஸுக்குக் கை ஆறு அங்குலம் சொன்னேன். அடுத்ததுக்கு ஒன்பது. மூன்றாவது சித்திரை மாதத்தில், கொழும்பு அவிந்துகொண்டிருக்கும்போது, முழங்கைக்குக் கீழே வரவேணும் என்றேன். அவள் கொப்பியைத் திறந்து முதல் இரண்டு அளவையும் பார்த்தாள். பென்சிலைக் காதில் செருகினாள். அளவு நாடாவை என் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: “எவ்வளவு நாளா அக்கா?”

என் அம்மா கேட்கவில்லை, பக்கத்து வீட்டு அன்ரி கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் கையில் கட்டுப் போட்டவர்களும் கேட்கவில்லை. அவள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன்.

படத்திலும் எல்லாம் திரும்புவது இப்படி ஒரு இடத்தில்தான். மிஸ்டர் தன்னை அடிப்பான் என்று செலி சொல்கிறாள். ஏன் என்று ஷக் கேட்கிறாள். நான் நீயாக இல்லாததற்காக என்கிறாள் செலி. அதற்குப் பிறகுதான் முத்தம். அதற்கு முன்னால், சிரிக்கும்போது வாயைப் பொத்தும் செலியின் கையை ஷக் பிடித்து இறக்கிவிடுவாள். அந்த அறையில் நடப்பது முழுவதும் என் மனப்பாடம். ஆனால் நாவலில் இருவருக்கும் இடையில் உள்ள உடலும் ஆசையும் படத்தில் அந்த ஒரு முத்தத்தோடு நின்றுவிடுகிறது. தான் அதை மென்மையாக்கிவிட்டதாக ஸ்பீல்பேர்க்கே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். எனக்கு இது பெரிய குறை. அடியைக் காட்டத் துணிந்த கமரா அன்பைக் கண்டதும் வெட்கப்பட்டு விலகிவிட்டது. பதினொரு ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தும் ஒரு விருதுகூடக் கிடைக்காத படம் என்று பலரும் கவலைப்படுவார்கள். எனக்குக் கவலை இதுதான்.

மிக உண்மையான காட்சி காதல் காட்சியே அல்ல. மிஸ்டரின் மகன் ஹார்ப்போ தன் மனைவி சோஃபியா சொல்வழி கேட்பதில்லை என்று முறையிடும்போது, செலி சொல்லும் புத்திமதி: அடி. சோஃபியா (ஓப்ரா வின்ஃப்ரி) சோளக்காட்டுக்குள்ளால் நடந்து வந்து, நீயா அவனை எனக்கு அடிக்கச் சொன்னாய் என்று செலியின் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு கூசும். எங்கள் மாடியில் புதிதாகக் கட்டி வந்த ஒரு பிள்ளை ஒருநாள் படிக்கட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தது. நான் அதன் தலையைத் தடவிச் சொன்னது: “எதிர்த்துக் கதையாதையும் பிள்ளை, வாயைக் குடுத்தால் இன்னும் கூடும்.” அன்றைக்கு என் பிளவுஸ் கைக்குள் புதுக்கண்டல் இருந்தது. அதையே கைமருந்துபோல் அந்தப் பிள்ளைக்கும் கொடுத்தேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று தெரியாது. இதை எங்கேயாவது வாசித்தால் தெரியட்டும்: அன்றைக்கு நான் சொன்னது பிழை.

ஷக் வந்தவுடனே செலி கிளம்பிவிடவில்லை. ஷக் போகிறாள், வேறொருவனைக் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். கடைசியில் ஒளித்துவைத்த கடிதங்கள் அகப்பட்ட பிறகுதான், சவரக்கத்தியைப் பிடித்த செலியின் கையை ஷக் ஓடிவந்து தடுத்த பிறகுதான், சாப்பாட்டு மேசையில் செலியின் வாய் திறக்கிறது. என்னுடையது நாலு வருடம் எடுத்தது. பொலிசில் இரண்டு தரம் என்ட்ரி போட்டேன். இரண்டு தரமும் சமாதானமாகப் போங்கோ என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் முறை ஒரு சட்டத்தரணியோடு நேரே நீதவான் நீதிமன்றத்துக்குப் போனோம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம், வீட்டு வன்முறையைத் தடுப்பதற்கானது. முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

அந்த நேரத்தில்தான் என் புருசன் எங்கள் இருவரைப் பற்றியும் கோட்டில் சொல்லப்போவதாகச் செய்தி அனுப்பினார். இது படத்தில் இல்லாத பயம். ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கும் எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995 இல் திருத்தி 'எவரேனும்' என்று ஆக்கினார்கள், அதோடு பெண்களும் அகப்பட்டோம். இரண்டு வருடம் வரைக்கும் சிறை. அந்தத் திருத்தம் எங்களுக்கு வழக்கை மட்டும் கொண்டுவரவில்லை. அடிக்கிறவன் கையில் இன்னொரு தடியையும் கொடுத்தது. 2022 இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு, இது பெண்களின் உரிமையை மீறுகிறது என்று ரொசானா ஃபிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில் தீர்மானித்தது. 2023 இல், பிரிவை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமும் சொன்னது. என் சட்டத்தரணி அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான்: “நீங்கள் கேட்பது அவர் அடிக்கக்கூடாது என்று. யாரோடு இருக்கிறீர்கள் என்பது அந்த மனுவில் இல்லை.” என் புருசன் கடைசிவரைக்கும் வாய் திறக்கவில்லை. கட்டளை கிடைத்தது. இதே பயத்தால் யாராவது வீட்டுக்குள்ளேயே இருந்தால், 1938 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், பெண்களுக்கான அரச உதவி இலக்கம் அது. அடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்து எங்களோடு ஒரு மாதம் நின்றார். போயா தினத்தில் வீட்டில் இந்தப் படத்தைப் போட்டோம். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. அவள்தான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். முத்தம் வந்தபோது சொல்ல வசனம் இல்லை. அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

திரும்பி வரும்போது, ஷக்கும் செலியும் தரைப்பலகையைக் கிளப்பிக் கடிதக் கட்டுகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினார். “நான் ஃபோன் எடுக்கேக்கை எல்லாம் நீ நித்திரை எண்டு அவர் சொன்னவர்” என்றார். “பகல் பன்னிரண்டு மணிக்கும் சொன்னவர். நான் கேட்டிருக்கவேணும் பிள்ளை, பகலிலை என்ன நித்திரை எண்டு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவள் பக்கம் திரும்பி, “தங்கச்சிக்காரி என்ன எழுதியிருக்கிறா, அதையும் வாசி பிள்ளை” என்றார்.