வர்க்கி கேட்கும் சீனியர்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறோம். கோவையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்து, மகன் அடுத்த வாரம் விடுதியில் சேர்கிறான். வகுப்பே தொடங்கவில்லை, அதற்குள் சீனியர்கள் அவனை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, வரும்போது பத்துப் பாக்கெட் ஊட்டி வர்க்கி கொண்டுவர வேண்டும், படுக மொழியில் பாடிக் குரல்பதிவு அனுப்ப வேண்டும் என்று மிரட்டுகிறார்கள். "எங்கள் காலத்திலும் இதெல்லாம் உண்டு" என்கிறார் கணவர். புகார் கொடுக்க வேண்டாம் என்று மகன் கெஞ்சுகிறான். என்ன செய்வது?

- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: சகோதரிக்கு, வர்க்கி சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் புதிய மாணவரைக் கட்டாயப்படுத்திச் செலவு செய்ய வைப்பதையும் ராகிங் என்றே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. தாய்மொழியையோ பிறந்த ஊரையோ குறிவைத்து இழிவுபடுத்துவதும் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அதில் சேர்க்கப்பட்டது. படுக மொழியில் பாடச் சொல்வது பாட்டின் மீதுள்ள ஆசையால் அல்ல என்பது உங்கள் மகனுக்கும் புரிந்திருக்கும்.

உங்கள் கணவர் சொல்வதைப் பல தந்தையர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். 1997ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

மகனின் பயம் நியாயமானது. முதல் வாரத்திலேயே 'காட்டிக் கொடுத்தவன்' என்று பெயரெடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே அவனைப் புகார் எழுதச் சொல்லாதீர்கள், நீங்கள் எழுதுங்கள். சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் தனித்தனியே கையெழுத்திடும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரத்தைப் பலர் படிக்காமலேயே நீட்டிவிடுகிறார்கள். அந்தச் சீனியர்களும் அவர்களுடைய பெற்றோரும் அதில் கையெழுத்திட்டவர்கள்தாம். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் எல்லாச் செய்திகளையும் எண்களும் தேதிகளும் தெரியுமாறு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அவற்றுடன் கல்லூரி முதல்வருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் மின்னஞ்சல் அனுப்பி, தகவல் தந்தவரின் பெயரை வெளியிட வேண்டாம் என்று தெளிவாகக் கேளுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பகுதி உண்டா, இரவில் வார்டன் அங்கேயே தங்குகிறாரா என்பதை நேரில் பார்த்துவிட்டு மலையேறுங்கள். கல்லூரி மெத்தனம் காட்டினால், 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது.

வர்க்கியை நிறுத்த வேண்டாம். அறைத்தோழனுக்கென்று ஒரு பாக்கெட் கொடுத்தனுப்புங்கள்.